போதைக்கு எதிராக ஊர் ஒன்றுபடல்: வரலாறு தரும் படிப்பினைகள்

 

வரலாற்றைச் சொல்வதற்கு முன் என் சொந்தத் தவறொன்றைச் சொல்லிவிட வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், ஒரு தந்தை பள்ளிவாசல் தூணோரம் எனக்காகக் காத்திருந்தார். மகன் இரவில் உறங்குவதில்லை, பணம் காணாமற் போகிறது, உம்மாவின் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை என்று சொன்னார். கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. "ஓதித் தாங்க ஹஸ்ரத், வேற யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். ஓதிக் கொடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

அதே மாதத்தில் அதே வீதியிலிருந்து வேறு இரு தந்தையர் வந்தனர். அதே துயரம், அதே வேண்டுகோள். ஒவ்வொருவரும் இச்சோதனை தம் வீட்டுக்கு மட்டுமே வந்ததென நம்பியிருந்தனர். மூவரையும் அறிந்திருந்தவன் நான் ஒருவன். நானோ மூன்று போத்தல்களுக்கு ஓதிக் கொடுத்துவிட்டு, மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் மிம்பரில் வேறு தலைப்புக்களில் குத்பா நிகழ்த்தினேன். ஓராண்டு கழிந்த பின் முதலாமவரின் மகன் கடையொன்றை உடைக்கையில் பிடிபட்டான். ஊர் அவனைச் சபித்தது. முன் வரிசையில் தொழுதுவந்த அந்தத் தந்தை, அதன் பின் பல மாதங்களாகப் பள்ளிவாசலுக்கே வரவில்லை.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது நற்கூலிக்குரிய செயல் என்பதை நாம் அறிவோம். ஆனால் குறையை மறைப்பது வேறு. பரவிவரும் நோயை மறைப்பது வேறு. இவ்வேறுபாட்டை நான் காலந்தாழ்த்தியே விளங்கிக்கொண்டேன். அதன் பிறகுதான், போதைக்கு எதிராக மக்கள் தனித்தனி வீடுகளாக அன்றி ஊராக எழுந்து நின்ற வரலாறுகளைத் தேடிப் படித்தேன். அவற்றுள் சிலவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

மக்காவில் ஓர் உடன்படிக்கை

நபித்துவத்திற்கு முன்னர், யமன் பகுதியின் ஸபீத் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு வணிகர் மக்காவுக்குப் பொருள் கொண்டுவந்தார். அதை வாங்கிய குறைஷித் தலைவர்களுள் ஒருவரான அல்ஆஸ் இப்னு வாயில் விலையைக் கொடுக்க மறுத்தார். அந்நியரான அவ்வணிகருக்கு மக்காவில் கோத்திரமும் இல்லை, உறவும் இல்லை. அவர் அபூ குபைஸ் குன்றில் ஏறி நின்று தமக்கு நேர்ந்த அநீதியை உரத்துக் கூறினார். அக்குரலைக் கேட்ட ஹாஷிம், ஸுஹ்ரா, தைம் முதலிய கிளையினர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் ஒன்றுகூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருப்பினும் அவருக்கு உரிமை கிடைக்கும் வரை அனைவரும் ஒரே கையாக நிற்பதென உடன்பட்டனர். இதுவே 'ஹில்புல் புழூல்' எனப்படுகிறது. இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய ஓர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் அதனை ஏற்பதாகப் பிற்காலத்தில் கூறினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கு கூடியோர் ஒரே கொள்கையினர் அல்லர். வெவ்வேறு கிளையினர். ஆயினும் ஒரு தீமையைத் தடுப்பதற்காக ஒரு வீட்டின் கூரையின் கீழ் அமர்ந்தனர். நன்மையான ஒரு காரியத்துக்கு எல்லோரோடும் கைகோர்க்கலாமா எனத் தயங்குவோருக்கு இந்நிகழ்ச்சியே விடை.

மதீனாவின் வீதிகள்

அரபுகளின் வாழ்வில் மது நீரைப் போல் கலந்திருந்தது. அத்தகைய சமூகத்திலிருந்து அது எவ்வாறு நீங்கியது? முதலில் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆவது வசனம் அதன் தீங்கு அதன் பயனை விடப் பெரிதென உணர்த்தியது. அடுத்து அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆவது வசனம் போதையோடு தொழுகையை நெருங்குவதைத் தடுத்தது. ஐவேளைத் தொழுகை நாளைப் பகுத்திருந்தமையால், குடிப்பதற்குரிய நேரமே சுருங்கிப் போயிற்று. இறுதியில் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் முழுமையான தடையைக் கொண்டுவந்தன. எடுத்த எடுப்பிலேயே மதுவை விடுமாறு கட்டளை வந்திருப்பின் மக்கள் மறுத்திருப்பர். முதலில் உள்ளங்களே பண்படுத்தப்பட்டன என்ற கருத்தை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள்.

தடை அறிவிக்கப்பட்ட அன்று, அபூ தல்ஹா (ரழி) அவர்களின் வீட்டில் அனஸ் (ரழி) அவர்கள் பேரீச்சம் பழத்திலிருந்து தயாரித்த மதுவைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வெளியே அறிவிப்பாளரின் குரல் கேட்டது. உடனே அதை வெளியே கொட்டிவிடுமாறு அபூ தல்ஹா (ரழி) கூறினார்கள். மதீனாவின் வீதிகளில் மது வழிந்தோடியது. வீடு வீடாகச் சோதனையிடப் படை எதுவும் அனுப்பப்படவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் தாமே கொட்டினர். அண்டை வீட்டாரும் அதே நேரத்தில் கொட்டுவதைக் கண்டனர். ஒருவன் தனியாக விடும் பழக்கம் மீண்டும் வரலாம். ஊரே விட்ட பழக்கத்துக்குத் திரும்பிவர வாசல் இல்லை.

அதற்குப் பின்னும் தவறியவர்கள் இருந்தனர். மது அருந்திய ஒருவர் நபியவர்களிடம் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். தம் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாமென உணர்த்தினார்கள். கடையை உடைத்த அவ்விளைஞனை ஊர் சபித்த நாளில் இந்த ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. ஆனால் அதையும் நான் எடுத்துச் சொல்லவில்லை.

இளைஞர்களே! கஞ்சாவும் தூளும் ஐஸும் குர்ஆனில் பெயர் குறிப்பிடப்படவில்லையே என்று உங்களில் சிலர் வாதிப்பதுண்டு. இது புதிய வாதமன்று. எகிப்திலும் ஷாமிலும் ஹஷீஷ் பரவிய நூற்றாண்டுகளில் இதே வாதம் எழுந்தது. கி.பி. 1328இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யாவும், 1392இல் மறைந்த இமாம் ஸர்கஷீயும் அதற்கு விரிவாகப் பதிலளித்தனர். ஸர்கஷீ ஹஷீஷ் பற்றித் தனி நூலே எழுதினார். பொருளின் பெயரன்று, அறிவை மறைக்கும் அதன் செயலே சட்டத்துக்குக் காரணம் என்பதே அவர்கள் நிறுவிய அடிப்படை.

இலங்கையின் மதுவிலக்கு இயக்கம்

இனி நமது மண்ணுக்கு வருவோம். பிரித்தானியர் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. குத்தகை எடுத்தோர் செல்வந்தராயினர். அரசின் வருமானத்திலும் முக்கிய பங்கு அதிலிருந்தே கிடைத்தது. எனவே தவறணைகள் பெருகுவது ஆட்சியாளருக்கு நட்டமாகத் தெரியவில்லை. குடிகாரனின் வீட்டில் அடுப்பு எரியாத கணக்கு எந்த அரச ஏட்டிலும் எழுதப்படவில்லை.

1904இல் தென்பகுதிக் கிராமங்களிலும் மேல் மாகாணக் கிராமங்களிலும் மக்கள் தாமாகவே சங்கங்கள் அமைத்தனர். ஊர் கூடி இனிக் குடிப்பதில்லையென உறுதியெடுத்தனர். சபதத்தை மீறியோரை ஊரே ஒதுக்கி வைத்தது. இவ்வெழுச்சி சில காலத்தில் தணிந்தது. 1912இல் புதிய மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்து, கள்ளுக்கடைகள் தனியாகத் திறக்கப்பட ஏற்பாடானபோது எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. டி.பி. ஜயதிலக, எப்.ஆர். சேனாநாயக்க, அவரின் சகோதரர் டி.எஸ். சேனாநாயக்க, டபிள்யூ.ஏ. டி சில்வா, ஆதர் வி. டயஸ் ஆகியோர் அதன் முன்னணியில் நின்றனர். சங்கங்கள் ஒன்றிணைந்து பெரும் கூட்டங்களை நடாத்தின. இந்நாட்டின் முதலாவது பிரதமராக 1947இல் பதவியேற்றவர், பொதுவாழ்வின் பாடங்களைப் படித்தது இந்த மதுவிலக்கு மேடைகளில்தான்.

பௌத்த விகாரைகளைச் சுற்றி எழுந்த இயக்கம் அது. எனினும் அது எதிர்த்த பொருள் நமக்கும் ஹராமானது. நம் பாட்டன்மாரும் அம்மக்களும் இவ்விடயத்தில் தோளோடு தோள் நின்றிருக்கலாம். ஆனால் வரலாறு அவ்வாறு செல்லவில்லை. அக்கால மறுமலர்ச்சி எழுத்துக்கள் சிலவற்றில் சாராயத்தோடு அந்நியரும் எதிரியாகக் காட்டப்பட்டனர். முஸ்லிம் வியாபாரிகளும் அவ்வரிசையில் வைக்கப்பட்டனர். 1915 மே 28ஆம் திகதி இரவு கண்டியில் தொடங்கிய கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. மதுவிலக்குச் சங்கங்களின் பின்னால் அரசுக்கு எதிரான சதி இருப்பதாக ஐயுற்ற ஆட்சியாளர், மேற்சொன்ன தலைவர்களைச் சிறையிலடைத்தனர். முஸ்லிம்கள் உடைமையையும் உயிரையும் இழந்தனர். இயக்கம் தன் வேகத்தை இழந்தது. தவறணைகள் மட்டும் திறந்தே இருந்தன. பிந்திய ஆண்டுகளில், ஊர் மக்களின் வாக்கெடுப்பால் தவறணையை மூடும் வழி உருவானது. அதன் மூலம் பல தவறணைகள் மூடப்பட்டன. எனினும் 1915இன் காயம் மறைய நெடுங்காலம் சென்றது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் மூன்று. ஊர் ஒன்றுபட்டால் அரசின் வருமானக் கணக்கையே எதிர்த்து நிற்க முடியும். சபதத்தை மீறியவனை ஒதுக்கி வைக்கும் ஊர், அவன் திரும்பிவரும் வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. பொருளுக்கு எதிரான போராட்டம் மனிதருக்கு எதிராகத் திரும்பினால் பொருள் தப்பிவிடுகிறது. இன்று நம்மில் சிலர், தூள் அந்தச் சமூகத்தவரால்தான் வருகிறது என்று விரல் நீட்டுகிறோம். மறுபக்கத்திலும் சிலர் நம்மை நோக்கி அவ்வாறே விரல் நீட்டுகின்றனர். விற்பவனுக்கோ இனமும் இல்லை, மதமும் இல்லை.

சட்டம் மட்டும் போதுமா?

அபாயகர ஒளடதங்களுக்கு எதிரான சட்டம் இந்நாட்டில் 1929ஆம் ஆண்டு முதலே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் தூள் பரவத் தொடங்கியதும், 1984இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு கிராமுக்கு மேற்பட்ட ஹெரோயினை வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதிக்கப்படலாம் என்றானது. அதே ஆண்டு தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் நிறுவப்பட்டது. 1987இல் மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் தன் பணியை ஆரம்பித்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைது செய்யப்பட்டனர். சட்டமும் பொலிஸும் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் கதவைத் தட்டும் வேளையில் பிள்ளை ஏற்கனவே சிக்கியிருக்கிறான். அவன் முதன்முறை கை நீட்டும் மாலை நேரத்தில் அருகில் இருக்கக்கூடியவர்கள் பெற்றோரும், ஆசிரியரும், அயலவருமே.

ஐஸ்லாந்தின் பெற்றோர்

இதைச் செயலில் காட்டிய ஒரு நாட்டின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வட அத்திலாந்திக்கில் உள்ள சிறு தீவு நாடு ஐஸ்லாந்து. 1990களில் அதன் மக்கள்தொகை மூன்று இலட்சத்துக்கும் குறைவு. அக்காலத்தில் வெள்ளி இரவுகளில் தலைநகர் ரெய்க்யவிக்கின் வீதிகளில் பதின்ம வயதினர் போதையில் தள்ளாடுவது வழமையான காட்சி. 1998இல் 15, 16 வயது மாணவரில் 42 சதவீதத்தினர், முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்ததாகக் கூறினர். 23 சதவீதத்தினர் நாள்தோறும் புகைபிடித்தனர். 17 சதவீதத்தினர் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தனர்.

போதையின் தீமைகளைப் பாடசாலையில் விரித்துச் சொல்வதே முன்பு அவர்கள் செய்துவந்தது. அதனால் எதுவும் மாறவில்லை. பின்னர் ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிக் கேட்டனர். ஏன் சில பிள்ளைகள் கெட்டனர் என்பதைவிட, ஏன் மற்றப் பிள்ளைகள் கெடவில்லை என்று தேடினர். 1992 முதல் நாடு முழுவதும் மாணவரிடம் வினாக்கொத்துக் கொடுத்துப் பதில்களை ஆராய்ந்தனர். நான்கு காரணங்கள் வெளிப்பட்டன. வாரத்தில் மூன்று நான்கு முறையேனும் ஒழுங்கமைக்கப்பட்ட விளையாட்டு முதலியவற்றில் ஈடுபடுவது; வார நாட்களில் பெற்றோருடன் கழிக்கும் நேரம்; பாடசாலையில் தன்மீது அக்கறை கொள்ளப்படுகிறது என்ற உணர்வு; இரவு நேரங்கழித்து வெளியே திரியாமை. இவை உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டிருந்தனர்.

1997இல் அரசு, மாநகர சபை, பாடசாலைகள், பெற்றோர் அமைப்புகள், விளையாட்டுக் கழகங்கள் ஆகியன இணைந்து ஒரு பொதுத் திட்டத்தைத் தொடங்கின. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் புகையிலையும் 20 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு மதுவும் விற்கலாகாது என்றானது. விளம்பரங்கள் தடைசெய்யப்பட்டன. 13 முதல் 16 வயது வரையானோர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கும் கோடையில் நள்ளிரவுக்கும் பின் வெளியே இருக்கலாகாது என்ற விதி வந்தது. ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் அமைப்பு கட்டாயமாயிற்று.

அப்பெற்றோர் செய்த காரியமே என் உள்ளத்தைத் தொட்டது. அவர்கள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். பெரியோர் இல்லாத வீட்டில் பிள்ளைகளின் கூடிக்களிப்புக்கு இடங்கொடுக்க மாட்டோம். வயது குறைந்தோருக்கு மது வாங்கிக் கொடுக்க மாட்டோம். நம் பிள்ளையை மட்டுமன்றி அடுத்தவர் பிள்ளையையும் கவனிப்போம் என்றனர். வார இறுதி இரவுகளில் தந்தையரும் தாய்மாரும் குழுக்களாக வீதிகளில் நடந்தனர். தனித்து நின்ற பிள்ளைகளை வீட்டுக்குச் செல்லுமாறு அன்போடு கூறினர். "மற்ற வீட்டுப் பிள்ளைகளெல்லாம் போகிறார்களே" என்ற சொல்லுக்கு முன் தனியொரு பெற்றோர் தோற்றுவிடுகிறார். எல்லா வீடுகளும் ஒரே விதியை வைத்திருந்தால் அச்சொல்லுக்குப் பலம் இல்லை.

பிள்ளைகளை வீதியிலிருந்து அழைத்தால் மட்டும் போதாது. அவர்கள் செல்ல ஓர் இடமும் வேண்டும். எனவே விளையாட்டு, இசை, கலைக் கழகங்களுக்கு அரசு நிதி பெருக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் பங்குபெறும் வண்ணம், ரெய்க்யவிக் மாநகர சபை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 35,000 குரோனா வரை கட்டண உதவி அளித்தது. வினாக்கொத்தின் முடிவுகள் சில மாதங்களுக்குள் அந்தந்தப் பாடசாலையிடமே கொடுக்கப்பட்டன. தம் ஊரின் நிலை என்னவென்று எவரும் மறைக்கவும் முடியவில்லை, மிகைப்படுத்தவும் முடியவில்லை. வார நாட்களில் பெரும்பாலும் பெற்றோருடன் நேரம் கழிப்பதாகக் கூறிய மாணவர் 1997இல் 23 சதவீதம். 2012இல் 46 சதவீதம். 2016ஆம் ஆண்டில், ஒரு மாதத்துக்குள் வெறித்திருந்தோர் 42இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருந்தனர். கஞ்சா 17இலிருந்து 7 ஆகவும், நாள்தோறும் புகைத்தல் 23இலிருந்து 3 ஆகவும் இறங்கின.

நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு நாடுகளிலும் இளையோர் குடி குறைந்தது. ஆகவே இம்மாற்றம் முழுவதும் அத்திட்டத்தின் விளைவுதானா என்று வினவுவோர் உளர். அது செல்வமுள்ள சிறிய நாடு என்பதும் உண்மை. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கவனிப்பதற்குச் செல்வம் தேவையில்லை.

நம் மஹல்லாவில்

கப்பலின் கீழ்த்தட்டில் இருப்போர் துளையிடுவதை மேல்தட்டில் இருப்போர் பார்த்துக்கொண்டிருந்தால் அனைவரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் தப்புவர் என நபி (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள். அவ்வுவமையில் துளையிடுவோரும் கெட்ட நோக்கம் கொண்டவர்கள் அல்லர். மேலுள்ளோருக்குத் தொல்லையின்றித் தண்ணீர் பெறவே விரும்பினர். நம் பிள்ளைகளும் பெரும்பாலும் அத்தகையோரே. பரீட்சைத் தோல்வி, வெறுமை, நண்பனின் கேலி ஆகியவற்றிலிருந்து தப்பிக்கவே கை நீட்டுகின்றனர்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாக சபையும், பாடசாலை அதிபரும், கிராம சேவகரும், விளையாட்டுக் கழகமும், தாய்மாரின் பிரதிநிதிகளும் மாதம் ஒருமுறை ஒரு மேசையில் அமர வேண்டும். அயலூர் விகாரையிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் இதே கவலையோடு இருப்போரை அழைக்க வேண்டும். பாடசாலை வாயிலருகே மாவா விற்கும் கடைக்காரருடன் முதலில் பேச வேண்டும். இஷாவுக்குப் பின்னர் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தைத் தெரு முழுவதும் ஒரேவிதமாக வைக்க வேண்டும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மைதானம் திறந்திருக்க வேண்டும். சிக்கியவனைச் சபிக்காமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். திரும்பிவரும்போது ஸப்பில் அவனுக்கு இடமளிக்க வேண்டும். தந்தையரே! மாலையில் அரை மணி நேரம் தொலைபேசியை வைத்துவிட்டுப் பிள்ளையோடு அமருங்கள்.

அந்த மூன்று தந்தையருக்கும் என்ன நேர்ந்தது எனக் கேட்பீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அனுமதி பெற்று, ஒரு நாள் மூவரையும் என் அறையில் ஒன்றாக அமரச் செய்தேன். ஒருவரையொருவர் கண்டதும் நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு முன் வரிசையை விட்டுச் சென்றிருந்த அந்தத் தந்தை, மற்றவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கட வீட்டிலயுமா?" என்றார். எங்கள் ஊரின் குழு அன்றிரவே ஆரம்பமானது. இருவரின் பிள்ளைகள் சிகிச்சை பெற்றனர். அவர்களுள் ஒருவன் இப்போது மாலையில் சிறுவர்களுக்குப் பந்து பயிற்றுவிக்கிறான். மூன்றாமவன் இன்னும் திரும்பவில்லை. அவனுக்காக நாங்கள் துஆச் செய்கிறோம். அவன் வீட்டுக்கும் சென்றுவருகிறோம்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளைப் போதையின் தீங்கிலிருந்து காப்பாயாக. சிக்கியோருக்கு மீட்சியை அளிப்பாயாக. அடுத்த வீட்டுத் துயரை எமது துயராக உணரும் உள்ளத்தை எமக்குத் தருவாயாக. ஆமீன்.